சோதனையண்ணனும் ஒன்பது கட்டைகளும்

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே வருவதில்லை. கூரை ஓட்டைத் தூக்கும், கொடியில் காயும் வேட்டியை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோகும். அப்படிப்பட்ட காற்றே கஞ்சிக்கோட்டில் எங்கள் கம்பெனி கேட்டுக்கு வந்தால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டுத்தான் உள்ளே போகும். ஏனென்றால் கேட்டில் சோதனையண்ணன் இருப்பார். உலகத்தில் ஒருவரைக்கூட நம்பாத மனிதர் என்று யாரையாவது நான் பார்த்திருக்கிறேன் என்றால் அது அவர்தான்.

நான் சொல்வது எழுபதுகளின் கதை. நூற்பாலை இயந்திரங்களுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி அது. டைம் ஆபீசில் நான் குமாஸ்தா. என் ஜன்னலுக்கு நேர் எதிரே கேட். சோதனையண்ணனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. தினமும் வருகைப் பதிவேட்டில் அதை எழுதியவன் நான்தான். இருந்தும் எவ்வளவு யோசித்தாலும் இன்று ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறது. ஷிப்ட் முடிந்து வெளியே போகிறவர்களைச் சோதிப்பது அவருடைய வேலை. உள்ளே வருகிறவர்களையும் சோதிப்பது அவருடைய சொந்த விருப்பம்.

"வெளிய போறப்ப சோதிக்கிறது சரிங்கண்ணா. உள்ள வர்றவன் எதைக் கொண்டுவந்தா நமக்கென்னங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கொண்டாறதுக்கு ஒரு காரணம் இருக்குமில்லீங்க தம்பி?" என்றார்.

தயிர்சாதத்தைக் கரண்டியால் அடிவரை குத்திப் பார்ப்பார். குடையை விரித்துப் பார்ப்பார். மேனேஜர் காரின் டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னி டயரைத் தட்டி, அது டயர்தானா என்று நிச்சயம் பண்ணிக்கொள்வார். இத்தனைக்கும் ஒரு கடுஞ்சொல் வராது. "திருட்டுன்னு சொல்லலீங்க. சந்தேகமுன்னுதானுங்க சொல்றேன்" என்பார், ஏதோ நமக்குச் சலுகை கொடுப்பதுபோல.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. பிறந்து வளர்ந்தது மாநில எல்லையில் வேலந்தாவளம் செக்போஸ்ட் பக்கம். தமிழ்நாட்டு அரிசி கேரளத்துக்குள் போகக்கூடாது என்று தடை இருந்த காலம். "புள்ளத்தாச்சின்னு பஸ்ஸுல எடம் உட்டோமுங்க. எறங்கறப்போ அந்தம்மா வயித்துல இருந்து அரிசி கொட்டுதுங்க! அதுக்குப் பொறகு நான் எந்த வயித்தையும் நம்பறதில்லீங்க" என்பார். வீட்டில் குழம்பு ருசியாக இருந்தால்கூட, "இன்னைக்கு எதுக்கு இத்தன ருசி?" என்று மனைவியிடம் கேட்பாராம். அந்தம்மாவே என்னிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவரோடு கேண்டீனில் யார் உட்காருவார்கள்? காலையில் நம் சோற்றைக் குத்திப் பார்த்தவருக்கு எதிரில் அமர்ந்து அதே சோற்றை எப்படி உண்பது? கடைசி மேஜையில், முதுகுக்குப் பின்னால் யாரும் வந்துவிடாதபடி சுவரை ஒட்டி, தனியாகச் சாப்பிடுவார். ஆனால் உட்காருவதற்கு முன் தன் பெஞ்சைத் துடைத்துவிட்டு, எதிர் பெஞ்சையும் தோள் துண்டால் துடைப்பார். யாரும் வராத பெஞ்ச் அது. தினமும் துடைப்பார். எனக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். ஆனாலும் நானும் போய் உட்காரவில்லை.

இந்த நிலையில்தான் இயந்திரங்களை நிறுவிக்கொடுக்க ஜெர்மனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். அவரை எல்லோரும் ஜெர்மன் சார் என்போம். ஆறடிக்கு மேல் உயரம், வெயிலில் வெந்த முகம், தலையில் தொப்பி. முதல் நாள் ஜீப்பை விட்டு இறங்கினார். வரவேற்க மாலையோடு மேனேஜர் நிற்கிறார். அதற்குள் சோதனையண்ணன் முன்னால் போய், "மன்னிச்சுக்கணுமுங்க" என்று சொல்லி, தோளிலிருந்து கணுக்கால் வரை தடவிப் பார்த்துவிட்டார். மேனேஜருக்கு உயிரே போய்விட்டது.

ஜெர்மன் சார் கொஞ்சம் யோசித்தார். இது இந்த நாட்டு வழக்கம் போலிருக்கிறது, கும்பிடு மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டார். மரியாதைக்கு மரியாதை செய்ய வேண்டாமா? தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து, சோதனையண்ணனைத் தோளிலிருந்து கணுக்கால் வரை தடவி, வெற்றிலைப் பொட்டலத்தை வெளியே எடுத்துப் பார்த்து, அப்படியே திரும்ப வைத்தார். சோதனையண்ணன் அசந்துபோனார். வாழ்க்கையில் அவரை யாரும் சோதித்ததே இல்லை.

"ஒழுங்கான மனுசனுங்க. ஆரையும் நம்பறதில்ல" என்று அன்று என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து தினமும் காலையில் இருவரும் ஒருவரை ஒருவர் தடவிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினார்கள். ஜெர்மன் சாருக்கு உண்மையைச் சொல்லும் தைரியம் எங்களில் யாருக்கும் வரவில்லை.

கொஞ்ச நாளில் ஜெர்மன் சார் பெயருக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. கேட்டில் நிறுத்தி உடைத்தார் சோதனையண்ணன். உள்ளே பாட்டில் வடிவத்தில் ஒன்பது மரக்கட்டைகள், தேங்காயைவிடப் பெரிய கனமான பந்துகள். இவருக்கு ரத்தம் சூடேறிவிட்டது. ஒரு கட்டையை நகத்தால் சுரண்டி, எச்சில் தொட்டுத் தேய்த்து, மோந்து பார்த்தார்.

"மறையூர்ச் சந்தனமா இருக்குமோன்னு பாத்தனுங்க. வாசமில்ல. அப்ப உள்ளுக்குள்ளதான் என்னமோ இருக்குது."

"அங்கிருந்து இங்க வந்த பெட்டிங்கண்ணா! ஜெர்மனியில இருந்து யாராவது மறையூர்ச் சந்தனத்தைக் கடத்திட்டு வருவாங்களா?"

"அதானுங்க நம்ம நெனைக்க மாட்டோமுன்னு பண்றது."

ஒன்பது கட்டைகளையும் ரோட்டில் நிறுத்தினார். ஆட்களை எப்படி நிறுத்துவாரோ அப்படியே நிறுத்தினார். ஒருவன் முதுகுக்குப் பின்னால் இன்னொருவன் ஒளியக்கூடாது என்பது அவருடைய கொள்கை. அதனால் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு, அதற்குப் பின்னால் மூன்று, அப்புறம் இரண்டு, கடைசியில் ஒன்று. பிறகு பந்துக்குள் ஏதாவது குலுங்குகிறதா என்று கேட்பதற்காக அதைத் தூரத்தில் வைத்து உருட்டிவிட்டு, காதைக் கையால் குவித்துக்கொண்டு கூடவே நடந்தார். பந்து நேராகப் போய் முதல் கட்டையை மோத, ஒன்பதும் சடசடவென்று சாய்ந்தன.

ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஜெர்மன் சார் கையிலிருந்த டீயைக் கொட்டிக்கொண்டு ஓடிவந்து சோதனையண்ணனைக் கட்டிப்பிடித்தார். சோதனையண்ணன் அந்த நிலையிலும் விடாமல் அவருடைய பின் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அது அவர்கள் ஊர் விளையாட்டாம். அந்தக் கட்டைகளை அப்படித்தான் நிறுத்த வேண்டுமாம். பந்தை உருட்டி ஒன்பதையும் வீழ்த்த வேண்டும். நிற்கிற மிச்சத்தை அடுத்த உருட்டில் தீர்க்க வேண்டும். நடுவில் நிற்பது ராஜா; மற்றவற்றைவிட ஒரு விரல் உயரம், தலையில் சிவப்புக் கோடு. காலி கோடவுன் ஒன்றில் தளம் போட்டு ஜெர்மன் சார் எங்களுக்கும் பழக்கினார். நாங்கள் அதைக் கட்டையுருட்டு என்றோம்.

சோதனையண்ணன் ஆடுவதைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம் வரும். பந்தை எடுத்து மோந்து பார்ப்பார். காதருகே வைத்துக் கேட்பார். தளம் முழுக்க நடந்து அங்கங்கே தட்டிப் பார்ப்பார். கட்டைகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து ஒவ்வொன்றையும் முறைப்பார். ஜெர்மன் சார் பொறுமையாகக் காத்திருப்பார். கடைசியில் சோதனையண்ணன் தன் இடத்துக்கு வந்து விரலை நீட்டுவார்.

"அந்தா, பின்னால எடது கைப்பக்கம் நிக்கறான் பாருங்க. அவன் மொகமே செரியில்லீங்க."

"எல்லாம் ஒரே கட்டைதாங்கண்ணா!"

"அப்படி நெனைச்சுத்தானுங்க நீங்க எல்லாம் தோக்கறீங்க. ஒருத்தனப் புடிச்சா மத்தவனெல்லாம் தானா மாட்டுவான்."

உருட்டுவார். அந்தக் கட்டை விழும், மற்றவையும் கூடவே விழும். எங்கள் பந்து எப்போதும் கேண்டீன் பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போகும். எங்கள் கைமேல்தான் தப்பு என்று நாங்கள் நம்பினோம். அவர் மட்டும், "காண்ட்ராக்டர் தளத்தச் சமமா போட்டிருப்பான்னு ஆருங்க சொன்னது?" என்று கேட்டு, பந்தை ஒரு சாண் தள்ளி உருட்டினார். மிச்சக் கட்டைகளைத் தீர்ப்பதில் ஜெர்மன் சாரே அவரிடம் தோற்றார். தோற்றுவிட்டுக் குதித்தார்.

கேண்டீனில் கடைசி மேஜை நிரம்பியது அதற்கப்புறம்தான். "இன்னைக்கு எந்தக் கட்டை மேல சந்தேகம் வந்துச்சு, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்க ஆட்கள் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். எதிர் பெஞ்சில் இடமில்லாமல் சிலர் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். சோதனையண்ணன் முகத்தில் சிரிப்பு என்று ஒன்று வந்ததை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சிரித்துவிட்டு, ஏன் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று சந்தேகமாகத் திரும்பிப் பார்ப்பார்.

இந்தச் சமயத்தில் ஐரோப்பாவில் ஒன்பது கட்டைக்கு உலகப் போட்டி வந்தது. அணி கிணி கிடையாது, தனித்தனி ஆளாக ஆட வேண்டியது. இந்தியாவிலிருந்து யாரும் வந்ததில்லை, வந்தால் சந்தோஷம் என்று அங்கே சொன்னார்களாம். டிக்கெட் செலவை ஜெர்மன் கம்பெனியே ஏற்றுக்கொள்ளும் என்று ஜெர்மன் சார் வந்து அறிவித்தார். கோடவுனே கைதட்டியது. சோதனையண்ணன் மட்டும் தட்டவில்லை.

"என்னைய அக்கட்ட அனுப்பிச்சுட்டு, இங்க கேட்டு வழியா எதைக் கொண்டுபோகத் திட்டமுங்க?"

அவரை ஒத்துக்கொள்ள வைக்க ஒரு மாதம் பிடித்தது. பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரரை வாசலிலேயே நிறுத்தி, தொப்பியைக் கழற்றச் சொல்லி உள்ளே பார்த்தார். "ஞான் போலீஸாணு சேட்டா!" என்று அவர் கத்தினார். "போலீசுன்னு நீங்கதானுங்க சொல்றீங்க" என்றார் இவர். அரை மணி நேரம் விசாரணை நடந்தது, போலீஸ்காரர்தான் பதில் சொன்னார். கடைசியில், இவ்வளவு யோக்கியமான ஆளை நான் பார்த்ததில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு ஓடினார்.

ஒலவக்கோடு ஸ்டேஷனில் கம்பெனியே திரண்டு வழியனுப்பியது. போட்ட மாலையின் பூக்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே சோதனையண்ணன் ரயில் ஏறினார். ஜெர்மன் சார் முன்பே விடுமுறையில் தன் ஊருக்குப் போய்விட்டார். அங்கே விமான நிலையத்தில் காத்திருப்பார். மெட்ராஸ் வரை துணைக்கு என்னை அனுப்பினார்கள். மீனம்பாக்கத்தில் சட்டையில் 'இந்தியா' என்று தைத்த துணியோடு அவர் உள்ளே போனார். நம் கேட்டுக்காரர்! மாடியில் பார்வையாளர்கள் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். விமானம் கிளம்பியது. கைக்குட்டையை எடுத்துக் கண்ணுக்குத் தெரிகிறவரை ஆட்டினேன்.

"ஆருக்குங்க கை காட்டறீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினால் சோதனையண்ணன்.

அவர் பையைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"உள்ள சோதிக்கற போலீசுக்காரரு எஞ்சட்டையில இருந்த பேரப் பாத்துட்டு, 'போங்க சார், போங்க சார்'ங்கறாருங்க. பையத் தொறக்கல. தோள்ல லேசா ஒரு தட்டு. சோதிக்கறாரா, தட்டிக் குடுக்கறாரான்னே தெரீலீங்க. என்னையே இப்படி உட்டா, எனக்கு முந்திப் போனவனுங்கள எப்படி உட்டிருப்பாருங்க? அத்தன பேரும் அதே பிளேன்லதானுங்க ஏறுவானுங்க."

"அதுக்கு?"

"நானே நாலஞ்சு பேரச் சோதிச்சனுங்க. பாவம், நல்ல சனங்க, கையத் தூக்கிட்டு நின்னாங்க. ஒரு அம்மா பையில ஊறுகா சாடி. அடிவரைக்கும் பாக்கறதுக்குள்ள ஆபீசருங்க வந்துட்டாங்க. 'செரி, நீங்க ஏறுங்க'ன்னாங்க. சோதிக்காத பிளேன்ல நான் ஏறமாட்டேன்னுட்டனுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அங்கேயே கீழே தள்ளியிருப்பேன். உலகப் போட்டி! ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. கண்டபடி கத்தினேன். அவர் பையைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார்.

திரும்பி வரும் ரயிலில் ஜோலார்பேட்டை தாண்டியதும் மெல்லக் கேட்டார். "ஏனுங்க தம்பி, ஆடாம வந்துட்டான்னு கேண்டீன்ல சிரிப்பாங்களாக்கு?"

அவர் கை தோள் துண்டைப் பிசைந்துகொண்டிருந்தது. அப்போது எனக்கும் ஒரு சந்தேகம் வந்தது. பிளேனோ, போலீஸோ எதுவும் காரணமில்லை. அங்கே போய்த் தோற்றுவிட்டு வந்தால் எதிர் பெஞ்ச் மறுபடியும் காலியாகிவிடும் என்று மனிதர் பயந்துவிட்டாரோ என்று தோன்றியது. இது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆத்திரம் போய், அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஊர் வந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் நேராகக் கேண்டீனுக்குப் போனேன். "ஏர்போர்ட் டாக்டர் கண்ணைப் பார்த்துட்டு மஞ்சக்காமாலைன்னு சொல்லி நிறுத்திட்டார். அண்ணன் அழுதே அழுதுட்டார்" என்று ஒரு போடு போட்டேன். சிரிக்கத் தயாராக இருந்த வாய்கள் எல்லாம் 'த்சொ த்சொ' என்றன.

மறுநாள் காலை கேட்டுக்கு வந்த ஒவ்வொருவர் கையிலும் கீழாநெல்லி. மேனேஜரே ஒரு டம்ளரில் அரைத்துக் கொண்டுவந்திருந்தார். சோதனையண்ணனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"ஒருத்தன் ரெண்டு பேருன்னா செரி. கம்பெனியே சேந்து எனக்கு எதுக்குங்க பச்சிலை ஊத்துது?" என்று என் ஜன்னலுக்கு வந்து ரகசியமாகக் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொய் சொன்னீங்களா? அதுல உங்களுக்கென்னங்க லாபம்?"

"ஒண்ணுமில்லைங்கண்ணா."

"ஒண்ணுமில்லாம ஒருத்தன் பொய் சொல்லுவானுங்களா?"

போய்விட்டார். ஆனால் மேனேஜர் கொடுத்த கீழாநெல்லியை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்ததை நான் பார்த்தேன். அன்று மதியம் தட்டை எடுத்துக்கொண்டு நானும் கடைசி மேஜைக்குப் போனேன். எதிர் பெஞ்சைத் துடைத்துவிட்டு நகர்ந்து இடம் விட்டார். ஆனால் சாப்பிட்டு முடிக்கும்வரை என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அன்றிலிருந்து எல்லோருக்கும் ஒரு சோதனை என்றால் எனக்கு மட்டும் இரண்டு. லாபமில்லாமல் ஒரு காரியம் செய்தவன் என்று என்மேல் அவருக்குத் தீராத சந்தேகம்.

ஜெர்மன் சார் விடுமுறை முடிந்து திரும்பினார். அங்கே விமான நிலையத்தில் வெகுநேரம் நின்றிருந்தாராம். ஜீப்பை விட்டு இறங்கியதும் எதுவும் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து சோதனையண்ணனைத் தடவினார். சோதனையண்ணனும் தடவினார், அன்று கொஞ்சம் அதிக நேரம். அடுத்த வருஷம் வேலை முடிந்து அவர் ஒரேயடியாக ஊருக்குப் போனதும் கோடவுனில் சாக்கு மூட்டைகளை அடுக்கினார்கள். கட்டைகள் ஸ்டோர்ஸுக்குப் போயின. அங்கே எண்ணிப் பார்த்தால் எட்டுதான் இருந்தது. ராஜாவைக் காணோம்.

அப்புறம் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. சோதனையண்ணன் மாதக்கணக்கில் எல்லோரையும் உருட்டி எடுத்தார். முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு போனவனை நிறுத்தி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். "கட்டைக்குக் காலா இருக்குது, தானா நடந்து போறதுக்கு? உங்கள்ள ஒருத்தன்தான்" என்று கேட்டில் நின்று சொல்வார். சொல்லும்போது பார்வை என்மேல்தான் இருக்கும்.

பத்திரிகை வேலை கிடைத்து நான் ராஜினாமா செய்தேன். கடைசி நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். இன்றாவது சும்மா விடுவார் என்று பார்த்தால், கையைத் தூக்கச் சொன்னார். இரண்டு முறை தடவினார். அதோடு விடாமல் என் பையைத் தன் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்படி யாருக்கும் செய்ததில்லை. வெளியே வந்து பையைக் கையில் கொடுத்தார்.

"செரி, போயிட்டு வாங்க தம்பி" என்றார். அவ்வளவுதான்.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டும் இந்த மனிதருக்கு நான் திருடன்தானா? திரும்பிக்கூடப் பார்க்காமல் கோயமுத்தூர் பஸ்ஸில் ஏறினேன்.

வாளையாறு செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். சந்தனக்கட்டை போகிறதா என்று ஒரு காவலர் பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தார். என் பைக்குள் கையை விட்டு, துணியில் சுற்றிய ஒன்றை வெளியே எடுத்தார். துணியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கேண்டீன் பெஞ்சைத் துடைக்கும் துண்டு. காவலர் பிரித்தார். உள்ளே, தலையில் சிவப்புக் கோடோடு ராஜா.

கேட் பாஸ் சீட்டு இல்லாமல் ஒரு ஆணிகூட அந்தக் கேட்டைத் தாண்ட அவர் விட்டதில்லை.

காவலர் கட்டையை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார். "வாசமில்ல. என்ன இது? எங்கிருந்து கொண்டாறே?" என்று சந்தேகமாகக் கேட்டார்.

கட்டையை வாங்கித் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

"எங்கண்ணன் குடுத்ததுங்க" என்றேன்.